கழிவறை உள்ள வண்டிகளும் கல்லூரிக் கால்பந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளியான அமெரிக்கப் பயணக் கட்டுரையில் 'டெயில்கேட்டிங்' பற்றி ஒன்றரைப் பத்தி இடம்பெற்றிருந்தது. கல்லூரிக் கால்பந்து நடக்கும் சனிக்கிழமைகளில் அரங்கத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் குடித்துக் கும்மாளமிடுகிறார்கள் என்றும், வசதி படைத்தவர்கள் அதற்கென்றே பேருந்து அளவுள்ள சொகுசு வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பியவருக்கு அப்படித்தான் தெரியும். பத்தொன்பது ஆண்டுகளாக டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் வசித்து, அவற்றில் கடைசி ஏழெட்டு ஆண்டுகளாக இலையுதிர் காலத்தில் ஒரு முறையாவது அந்த வண்டிகளில் ஒன்றில் இரண்டு இரவு தங்கிவருகிறவன் என்ற முறையில், சில விவரங்களை வாசகர்கள் முன் வைக்க அனுமதி கேட்கிறேன். அவர் கண்ணில் படாமல் போனது ஒரே ஒரு பொருள்தான்: அந்த வண்டிக்குள் ஒரு கழிவறை இருக்கிறது. நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் அதைத் தொட்டு வருவதே.

அதற்கு முன் ஒரு திருத்தம். கட்டுரையோடு அச்சாகியிருந்த படம் நாம் உதைபந்து என்று சொல்லும் ஆட்டத்தின் படம். அமெரிக்கக் கல்லூரிகள் ஆடுவது, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்தவர்கள் நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் பற்றிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஆனால், 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் அணிக்கு 25 பேராக மோதி, ரட்கர்ஸ் 6-4 என்று வென்ற முதல் ஆட்டம், இன்றைய அமெரிக்க ஆட்டத்தைவிட உதைபந்துக்கே நெருக்கமாக இருந்தது என்பதால், உங்கள் படப்பிரிவை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. இப்போது ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி நவம்பர் இறுதிவரை ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றில் பெரும்பாலும் ஏழு ஆட்டங்கள் சொந்த ஊரில் நடக்கும். ஆக, நாம் பேசுவது ஆண்டுக்கு ஏழு சனிக்கிழமைகளைப் பற்றி.

அந்த ஏழு சனிக்கிழமைகளுக்கு வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டிய தேவை ஏன் வந்தது என்றால், பல்கலைக்கழகங்கள் அமைந்திருக்கும் இடம் அப்படி. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. அப்படி வளர்ந்த கல்லூரிகள் பலவும் பெருநகரங்களிலிருந்து விலகி, வயல்களுக்கும் காடுகளுக்கும் நடுவே அமைந்தன. பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்றே பெயர் கொண்ட ஊரில் சுமார் நாற்பதாயிரம் பேர் வசிக்கிறார்கள். அதை ஒட்டியுள்ள பீவர் அரங்கில் 1 லட்சத்து 6 ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள். ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஊரில் படுக்க இடம் கிடையாது. விடுதிகளோ, ஆட்ட வாரத்தில் வாடகையைப் பல மடங்கு ஏற்றிவிட்டு, இரண்டு இரவுக்குக் குறைந்து அறை தரமாட்டோம் என்பார்கள். நாலைந்து மணி நேரம் கார் ஓட்டி வந்து, ஆட்டம் பார்த்து, நள்ளிரவில் அதே தொலைவைத் திரும்ப ஓட்டிப் போவது இளைஞர்களால் முடியும். எழுபது வயதுக்காரரால் முடியாது.

'டெயில்கேட்' என்பது பிக்கப் வண்டியின் பின்புறத்தில் கீழே மடக்கி இறக்கும் பலகை. அதை மேசையாக்கி, மேலே சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பரப்பியதில் பிறந்த சொல் டெயில்கேட்டிங். இந்த வழக்கத்தின் தொடக்கத்தை 1861 ஜூலை 21-க்கே கொண்டுபோகிறவர்கள் உண்டு. உள்நாட்டுப் போரின் முதல் பெரும் சண்டை வர்ஜீனியாவின் புல் ரன் ஓடையருகே நடந்தபோது, வாஷிங்டன் நகரத்துப் பிரமுகர்கள் கூடைகளில் உணவு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள் என்பது உண்மைதான். தங்கள் படை தோற்றோடி வந்தபோது அவர்களும் கூடவே அலறியடித்து ஓடினார்கள் என்பதால், அதை இந்த வழக்கத்தின் மூத்த வரலாறாகக் கொள்ள எனக்குத் தயக்கம். இங்கே தோற்ற அணியின் ஆட்கள் யாரும் ஓடுவதில்லை. உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவார்கள்.

ஆர்.வி. ('ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்', அதாவது ஓடும் வீடு) என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் இந்த வண்டிகளில் பல வகை உண்டு. பேருந்து போன்ற முகத்தோடு 30 முதல் 40 அடி நீளமிருப்பது கிளாஸ் ஏ. வேன் அளவில் இருப்பது கிளாஸ் பி. லாரியின் முன்பகுதிக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருப்பது கிளாஸ் சி. இவை தவிர, பிக்கப்பின் பின்னால் கட்டி இழுத்துவரும் டிரெய்லர்கள். அமெரிக்காவில் தயாராகும் ஆர்.வி.க்களில் பெரும்பங்கு இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்திலிருந்து வருகிறது. எந்த வகையானாலும் அடிவயிற்றில் மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேர ஒன்று, கழிவறைக்கு ஒன்று. நான் கூடப் போய்வரும் என் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் நல்ல தண்ணீர் 75 கேலன், அதாவது சுமார் 280 லிட்டர் பிடிக்கும். மூன்று நாளைக்கு ஆறு பேர் என்றால், குளிக்கும்போது உடம்பை நனைத்துவிட்டுக் குழாயை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறக்க வேண்டும். நான் சிறுவயதில் குடத் தண்ணீரில் குளித்துப் பழகியவன் என்பதால், அந்த வண்டியில் தண்ணீர்ச் சிக்கனத்துக்காகப் பாராட்டு வாங்கிய ஒரே ஆள் நான்தான்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதைக் கடந்தவர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், எல்.எஸ்.யு. என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய வண்டி 1998 மாடல், 34 அடி. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் மக்கள் இத்தகைய வண்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டபோது, கூரை ஒழுகிய நிலையில் வாங்கி, ஒரு கோடை முழுக்க ஏணி போட்டு ஏறி உட்கார்ந்து அவரே ஒழுகலை அடைத்தார். லிட்டருக்கு மூன்றரைக் கிலோமீட்டர் தந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். 'வசதி படைத்தவர்களின் சொகுசு வண்டி' என்ற வரியை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பை உங்களுக்கு அனுப்பிவைக்க வழியில்லை. பத்து லட்சம் டாலர் பெறும் வண்டிகளும் அங்கே வந்து நிற்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே, பழைய பள்ளிப் பேருந்தை வாங்கி அணியின் ஊதாவும் தங்கமஞ்சளும் பூசி, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் நிற்கிறார்கள்.

அவரோடு நான் முதன்முதலில் போனது 2017 அக்டோபர் 14 சனிக்கிழமை ஆட்டத்துக்கு. எதிரணி அலபாமா மாநிலத்தின் ஆபர்ன். வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். ஹூஸ்டனிலிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே 430 கிலோமீட்டர். லஃபயெட் நகரைத் தாண்டியதும் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 29 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாலம். கீழே தண்ணீருக்குள் சைப்ரஸ் மரங்கள். அந்தப் பாலத்தில்தான் நெற்றியில் எல்.எஸ்.யு.வின் புலிக்கொடி பறக்கும் வண்டிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சேரத் தொடங்கும். மிசிசிப்பி ஆற்றைக் கடந்து நகருக்குள் நுழைந்தபோது நண்பகல். அரங்கத்துக்கு வெளியே வண்டிகளுக்கான மைதானத்தில் வண்டியை வரிசையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் தாங்கிகளை இறக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார். வண்டி சாய்ந்திருந்தால் குளிர்பெட்டி ஒழுங்காக ஓடாது, படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிவறை ஒத்துழைக்காது. அந்த வேலை முடியும்வரை யாரும் அவரிடம் பேசக்கூடாது என்பது குடும்பத்தில் எழுதாத சட்டம்.

அடுத்த இடத்தில் ஆபர்னிலிருந்து ஒரு தம்பதி டிரெய்லரோடு வந்திருந்தார்கள். எதிரணி ஆட்களைப் பார்த்து 'புலிக்கு இரை, புலிக்கு இரை' என்று சுற்றிலும் கூவுவது அந்த ஊர் வழக்கம். கூவி முடித்தவுடன் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்பதும் அதே அளவுக்கு வழக்கம். அன்று மாலை எங்கள் பக்கம் கம்போ என்னும் லூசியானாக் குழம்பு கொதித்தது. அதற்கு அடித்தளம் ரூ என்பது. இரும்புச் சட்டியில் எண்ணெயும் மாவும் சமமாகப் போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை, முக்கால் மணி நேரமாவது கை ஓயாமல் கிளற வேண்டும். ஒரு நிமிடம் கண்ணயர்ந்தால் அடிப்பிடித்துக் கறுத்துவிடும். பிறகு கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கிளறிக்கொண்டிருந்த பெரியவரின் மனைவிக்குப் பாதியில் பேத்தியிடமிருந்து அழைப்பு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார், நானோ வெங்காயமும் செலரியும் குடைமிளகாயும் நறுக்கிக்கொண்டிருந்தேன். வேலிபோல் போட்டிருந்த மடக்கு நாற்காலிகளுக்கு அப்பால் நின்ற ஆபர்ன் அம்மையாரிடம் கரண்டியை நீட்டினார். அவர் ஆரஞ்சு நிற ஆபர்ன் சட்டையோடு வந்து நின்று, இருபத்தைந்து நிமிடம், ஒரு வார்த்தை பேசாமல், சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கிளறினார். கோழியும் ஆண்டூயி என்னும் புகையூட்டிய தொத்திறைச்சியும் அதற்குப் பிறகுதான் உள்ளே போயின. நான் சைவம் என்பதால் எனக்குத் தனிச் சட்டியில் வெண்டைக்காயும் தக்காளியும் வதங்கின. கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல் ஒன்றிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நாவழியே வந்தது என்பதால், அந்தச் சமையலின் மூலப்பொருள் என் தட்டில்தான் இருக்கிறது என்று பெரியவர் என்னைத் தேற்றினார். புளோரிடா அணி வந்தால் முதலைக்கறி, காட்டுப்பன்றியைச் சின்னமாகக் கொண்ட ஆர்கன்சா வந்தால் முழுப்பன்றி என்று எதிரணியின் சின்னத்தையே சமைப்பதும் அங்கே உண்டு. ஆபர்னின் சின்னமும் புலியாகப் போனதால் அன்றைக்கு அந்த வேடிக்கைக்கு இடமில்லை.

இனி கழிவறைக்கு வருகிறேன். அந்தக் குடும்பத்தில் பெரியவரின் மாமியாருக்கு அப்போது வயது 84. அரங்கத்துக்குள் அவர் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு லட்சம் பேர் நடுவே படியேறி இறங்கிக் கழிப்பிட வரிசையில் நிற்பது அவரால் ஆகாது. மைதானத்தில் வைக்கும் தற்காலிகக் கழிப்பறைகளைப் பற்றி எழுதாமலிருப்பதே நல்லது. ஆர்.வி. இருப்பதால்தான் அவர் வருகிறார். அவர் வருவதால் அவரைப் பார்க்கப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். கைக்குழந்தையோடு பேத்தி வருகிறாள். குழந்தைக்குப் பால் கொடுக்கவும் அணையாடை மாற்றவும் கதவு சாத்திய அறை ஒன்று இருக்கிறது. வெயிலில் மயக்கம் வந்தவர் உள்ளே குளிர்சாதனத்தில் படுத்துக்கொள்கிறார். ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லாமல், வண்டியின் பக்கவாட்டில் விரித்த பந்தலுக்கு அடியில் தொலைக்காட்சி வைத்துப் பார்க்கவே வருகிறவர்கள் அந்த மைதானத்தில் ஏராளம். குடித்தவர் வண்டி ஓட்டிப் போகத் தேவையில்லாமல் இருக்கும் இடத்திலேயே படுத்துவிடுகிறார் என்பதையும், மது பற்றிக் கவலைப்பட்ட கட்டுரையாளர் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

மறுநாள் பிற்பகல் ஆட்டத்தின்போது நான் உள்ளே போகாமல் அந்தப் பாட்டியோடு பந்தலில் உட்கார்ந்திருந்தேன். செயற்கைக்கோள் வழியே படம் வந்துசேரச் சில வினாடிகள் பிந்தும். நூறாயிரம் தொண்டைகளின் சத்தமோ அரங்கத்திலிருந்து நேராக வந்துவிடும். எனவே திரையில் பந்து கிளம்புமுன்பே அந்த ஒரு நகர்வின் முடிவு நமக்குத் தெரிந்துவிடும். என்ன நடந்தது என்பது மட்டும் தெரியாது. பாட்டி திரையைப் பார்க்கவேயில்லை. காதைச் சாய்த்து, 'இது அவர்களுக்கு', 'இது நமக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்.எஸ்.யு. 20-0 என்று பின்தங்கியிருந்தபோது 'பொறு' என்றார். கடைசிக் கால் பகுதியில், எதிரணி உதைத்த பந்தை எல்.எஸ்.யு. வீரர் ஒருவர் பிடித்து 75 யார்டு ஓடி எல்லைக்கோட்டைக் கடந்த அந்தக் கணத்தில் எழுந்த ஓசையில் பந்தலில் தொங்கிய கரண்டிகள் அதிர்ந்தன. திரையிலோ அப்போதுதான் உதைப்பவர் நிதானமாக நின்றுகொண்டிருந்தார். ஆட்டத்தை எல்.எஸ்.யு. 27-23 என்று வென்றது. 1988-இல் இதே ஆபர்னை 7-6 என்று வென்ற இரவில், கூட்டத்தின் துள்ளலைப் பல்கலைக்கழக நில அதிர்வுமானி பதிவு செய்தது. பெரியவர் அன்று உள்ளே இருந்தவர். அந்த இரவைப் பற்றி ஆபர்ன் தம்பதியிடம் அவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அவர்கள் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்கள்.

மது உண்டா என்றால் உண்டு, தாராளமாக உண்டு. ஜார்ஜியாவும் புளோரிடாவும் ஜாக்சன்வில் நகரில் ஆற்றங்கரையில் வழக்கமாக ஆடும் ஆண்டு ஆட்டத்துக்கு 'உலகின் மிகப்பெரிய திறந்தவெளி மதுவிருந்து' என்றே பட்டப்பெயர். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று பல்கலைக்கழகங்களே கைவிட்ட பிறகும் ஊரார் விடவில்லை. அங்கே ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே ஆர்.வி.க்களுக்கென்று ஒரு மைதானம் திறந்து, அதை 'ஆர்.வி. நகரம்' என்று அழைப்பார்கள். இருபது வயதுப் பையன்கள் நிதானமிழந்து நடந்துகொள்வதை நானும் பார்த்திருக்கிறேன். மதுவைவிட எனக்கு அச்சம் தருவது ஜெனரேட்டர். பக்கத்துப் பக்கத்தில் நெருங்கி நிற்கும் வண்டிகளில் ஒன்றின் புகை இன்னொன்றின் சன்னலுக்குள் போனால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். படுக்கையருகே அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர் விளக்கணைப்பார்.

எல்லா ஊரிலும் இது ஒரே உருவத்தில் இருப்பதில்லை. தென் கரோலினாவின் கொலம்பியாவில், அரங்கத்தை ஒட்டிப் பயனற்றுக் கிடந்த ரயில் பாதையில் 1990-இல் 22 பழைய ரயில் கடைசிப் பெட்டிகளை நிறுத்தி, அவற்றைத் தனியாருக்கு விற்றார்கள். உள்ளே கழிவறையும் சமையலறையும் உள்ள, நகராத ஆர்.வி. அது. டென்னசியில் 1962-இல் ஜார்ஜ் மூனி என்ற வானொலி வர்ணனையாளர் சாலை நெரிசலுக்குப் பயந்து படகில் வந்து இறங்க, இன்று அரங்கத்தின் கீழே ஆற்றில் படகுக் கூட்டமே நங்கூரமிடுகிறது. மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் 'குரோவ்' என்ற மரத்தோப்புக்குள் 1991-இல் மழைச்சேற்றில் வண்டிகள் புல்லைக் குதறிப்போட்ட பிறகு, வண்டிகளுக்கே தடை விதித்தார்கள்; இப்போது அங்கே கூடாரங்கள் மட்டும். அழகான தோப்பு, கூடாரத்துக்குள் சரவிளக்குத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் 84 வயதுப் பாட்டி அங்கே எத்தனை மணி நேரம் இருப்பார் என்று எண்ணிப் பார்க்காமல் என்னால் அதை ரசிக்க முடிவதில்லை.

கட்டுரையாளர் உண்மையில் எழுதியிருக்க வேண்டிய செய்தி வேறு. இந்த இடங்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. என் அலுவலக நண்பர் ஒருவரின் தந்தை, வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் (அதன் பெயர் இங்கே தேவையில்லை) 22 ஆண்டுகளாக ஒரே இடத்தில் வண்டியை நிறுத்திவந்தார். அந்த இடம் பன்னிரண்டடி அகலத்தில் ஒரு தார்த் துண்டு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பல் மருத்துவர் குடும்பம், அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்று குடும்பத்துப் பிள்ளைகளும் அந்தத் தாரில் சாக்கட்டியால் கோடு போட்டு விளையாடி வளர்ந்தவர்கள். ஒரு வசந்த காலத்தில் கடிதம் வந்தது: விளையாட்டு நிதிக்கு ஆண்டுதோறும் தரும் நன்கொடையைக் குறித்த நாளுக்குள் மும்மடங்காக உயர்த்தாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். பல் மருத்துவர் கட்டினார். மற்ற இருவரால் முடியவில்லை. இப்போது நண்பரின் தந்தை மூன்று கிலோமீட்டர் தள்ளி, தேவாலயம் ஒன்று நாள் வாடகைக்கு விடும் புல்வெளியில் நிறுத்துகிறார். அங்கே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கத்தில் புது முகங்கள். தபால்காரர் வண்டியை விற்றுவிட்டார்.

நன்கொடைக்கு ஏற்பப் புள்ளி, புள்ளிக்கு ஏற்ப இடம் என்ற முறை பல பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக இருப்பதுதான். அரங்கில் இருக்கை வாங்கும் உரிமைக்காகத் தரும் நன்கொடையில் 80 விழுக்காட்டுக்கு வருமான வரிச் சலுகை இருந்தது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் அதை 2018 முதல் நீக்கியது. அதைவிடப் பெரிய மாற்றம், 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற, கிராண்ட் ஹவுஸ் என்ற கல்லூரி நீச்சல் வீரரின் பெயரால் அறியப்படும் ஹவுஸ் வழக்குச் சமரசம்; பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர அது வழிவிட்டது, முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. வீரர்களுக்குப் பணம் தருவது நியாயம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பயிற்சியாளர் கோடிக்கணக்கில் வாங்க, முழங்காலை உடைத்துக்கொள்ளும் பையன் இலவசப் படிப்போடு நிற்க வேண்டும் என்று இத்தனை காலம் சொல்லி வந்ததுதான் அநியாயம். ஆனால் அந்தப் பணத்தை எங்கே தேடுவது என்று நிதிப் பொறுப்பாளர் சன்னல் வழியே பார்க்கும்போது, முதலில் கண்ணில் படுவது அரங்கத்துக்குப் பக்கத்தில், ஆண்டுக்கு ஏழே நாள் பயன்படும், பழைய விலைக்கே போய்க்கொண்டிருக்கும் வண்டி மைதானம். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் ஒருவர் அங்கே இருபது ஆண்டாகக் கம்போ கிளறுகிறார் என்பது அவருடைய கணக்கேட்டில் எந்த வரியிலும் வராது.

தொலைக்காட்சியும் தன் பங்குக்குத் தொல்லை தருகிறது. ஆட்டம் நண்பகலா, பிற்பகலா, இரவா என்பதைப் பல வேளைகளில் பன்னிரண்டு நாளுக்கு முன்பும், சில வேளை ஆறே நாளுக்கு முன்பும்தான் அறிவிக்கிறார்கள். நண்பகல் ஆட்டமென்றால் வெள்ளிக்கிழமையே சமைக்க வேண்டும். இரவு ஆட்டமென்றால் ஞாயிறும் தங்க வேண்டியிருக்கும். திங்கள்கிழமை பள்ளி உள்ள பேரப்பிள்ளைகள் வரமாட்டார்கள். வண்டி எல்லா நேரத்துக்கும் ஈடுகொடுக்கும், குடும்பம் ஈடுகொடுக்காது.

இந்த ஆண்டும் நம் நாட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கவும் பேரக்குழந்தைகளைப் பார்க்கவும் நூற்றுக்கணக்கான பெற்றோர் இப்பல்கலைக்கழக ஊர்களுக்கு வருவார்கள். மகன் படிக்கும் ஊரில் சனிக்கிழமை சாலைகள் அடைபட்டிருக்க, அந்தக் கட்டுரையைப் படித்திருந்த ஒருவர் அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டிருப்பாரானால் அது வீண். வெள்ளிக்கிழமை மாலை, ஆட்டத்துக்கு முந்தின நாள், வண்டி வரிசைகளுக்கு நடுவே ஒரு நடை போய்வரும்படி சொல்வேன். கையில் தட்டு திணிக்கப்படும். சைவமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சோளமும் அவித்த வேர்க்கடலையும் கட்டாயம் இருக்கும். தென்மாநிலங்களில் வேர்க்கடலையைத் தோலோடு உப்புநீரில் அவித்துத்தான் தின்பார்கள். நம்மவர்களுக்குப் பழக்கம் வேண்டியதில்லை.

கட்டுரையாளரை மறுபடி அனுப்பும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே இருக்கும்படி சொல்லுங்கள். அன்று, 2017-இல், கழிவு உறிஞ்சும் லாரி வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. தொட்டியைக் காலி செய்யாமல் ஆபர்ன்வரை எழுநூறு கிலோமீட்டர் ஓட்ட யாருக்கும் விருப்பமிருக்காது. அந்தத் தம்பதியின் டிரெய்லரில் குழாய் இணைப்பு வளையம் விரிசல் விட்டிருந்தது. லாரிக்காரர் கையை விரித்துவிட்டார். பெரியவர் எங்கள் வண்டியின் அடிப்பெட்டியைத் திறந்து உதிரி வளையம் ஒன்றை எடுத்து, ரப்பர் கையுறை மாட்டி, ஈரத்தரையில் மண்டியிட்டு அதைப் பொருத்திக் கொடுத்தார். ஆபர்ன்காரர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. வேலை முடிந்து கை கழுவும்போது வளையத்துக்கு எவ்வளவு என்று அவர் கேட்டார். அடுத்த முறை வரும்போது அந்த வளையத்தையே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்றார் பெரியவர். ஆபர்ன் அங்கே மறுபடி ஆட வந்தது இரண்டு ஆண்டு கழித்து. வளையம் துணியில் சுற்றி வந்து சேர்ந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்